ஸ்கேனுக்கு முதல் நாளும் சிகிச்சை நாளே!



இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது வாய்விட்டுப் பேசக் கொஞ்சம் கூச்சமான விஷயம். குடல், மலம், கக்கூஸ் என்றெல்லாம் எழுதப் போகிறேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டுக்குச் சொல்கிறோம். கை முறிந்தால் லயமே வந்து பார்க்கிறது. மலத்தில் இரத்தம் போனால் மட்டும் கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்வதில்லை. இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காள் இருக்கிறார். அப்போது அவருக்கு வயது 57. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. மலத்தில் இரத்தம் கண்டும் ஓராண்டுக்கு மேல் ‘மூலச்சூடு’ என்று வெந்தயமும் மோரும் குடித்துக் காலம் தள்ளினார். உடம்பு இளைத்த பிறகுதான் மருமகள் வற்புறுத்தி அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவருக்கு இருதயக் கோளாறும் உண்டு. அதைப் பார்த்த டாக்டர், முதலில் குடலை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று தேதி கொடுத்தார். கையில் ஒரு தாளும் மூன்று பொட்டலம் மருந்தும் கொடுத்தனுப்பினார்கள்.

தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அக்காள் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அந்தத் தாளில் அவருக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்: ‘புவாசா’. இராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் புவாசா.

“நோன்பு மாதிரிதானே தம்பி! பன்னெண்டு மணிக்குள்ள நல்லா சாப்பிட்டுக்கலாம்னு நெனச்சேன். முருங்கக்கீரை, பருப்பு, கருவாட்டுக் கொழம்பு. விடிஞ்சதும் பச்சத் தண்ணிகூடத் தொடல” என்றார்.

சரி, மருந்து? முதல் நாள் மதியம் வரை வெயிலில் பழம் பொறுக்கினார். போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். சாயந்திரம் வந்து ஒரு பொட்டலத்தைக் கரைத்துக் குடித்தார். உப்பும் குமட்டலுமாக இருந்தது. மற்ற இரண்டையும் தொடவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ் ஏற வேண்டும். வழியில் வயிறு கலக்கினால் எங்கே இறங்குவது, யாரிடம் சொல்வது என்ற பயம்.

ஆஸ்பத்திரியில் மேசையில் படுக்கவைத்து முதல் படம் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. குடல் நிறையக் கசடு. “சுத்தமாகலைம்மா, இன்னொரு தேதி வாங்கிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார்கள். அந்த இன்னொரு தேதி மூன்று மாதம் தள்ளி! லயத்துக்குத் திரும்பியவர் ‘மெஷின் கெட்டுப்போச்சு’ என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தார். உண்மையைச் சொல்ல வெட்கம்.

இரண்டாம் முறை மருமகள் லீவு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தாள். நானும் தாளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். படம் தெளிவாக விழுந்தது. கட்டி இருந்தது. அறுவை நடந்தது. இன்று அக்காள் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். நல்லபடியாக முடிந்தது என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் அந்த மூன்று மாதத்தில் உள்ளே என்ன நடந்தது என்று யாரால் சொல்ல முடியும்? கட்டி வளராமல் இருந்தது என்றால் அது அவருடைய நல்ல காலம். நல்ல காலத்தை நம்பி வைத்தியம் பார்க்க முடியாது.

பழி யார்மீது? ‘படிக்காத ஜனம், சொன்னதைச் செய்யாது’ என்று அவர் தலையில் போட்டுவிட்டுப் போவது சுலபம். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கருத்து இதுதான்: குடலைச் சுத்தம் செய்வது பரிசோதனைக்கு முன்னால் நடக்கும் வீட்டு வேலை அல்ல. அதுதான் பரிசோதனையின் முதல் பாதி. அந்த முதல் பாதிக்கு ஒரு முழு நாள் வேண்டும், புரிகிற மொழி வேண்டும், ஒரு கக்கூஸ் வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும். இந்த நான்கும் இல்லாமல் ஒரு தொழிலாளியை மேசையில் படுக்கவைத்தால், தோற்பது அவர் மட்டுமல்ல.

ஏன் இவ்வளவு சுத்தம்?

செம்பனை மரத்தடியில் புல் மண்டிக் கிடந்தால் உதிரிப் பழம் கண்ணுக்குத் தெரியுமா? மரத்தடி வட்டம் சுத்தமாக இருந்தால்தானே ஒவ்வொரு பழமாகப் பொறுக்க முடியும்? குடலும் அப்படித்தான்.

நம் பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். அதன் உட்சுவரில் சிலருக்குச் சின்னச் சின்னச் சதை மொட்டுகள் முளைக்கும். பெரும்பாலான மொட்டுகள் ஒன்றும் செய்யாது. ஆனால் பெருங்குடல் புற்றுநோய் அநேகமாக இப்படி ஒரு மொட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மொட்டு புற்றாக மாறப் பல ஆண்டுகள், பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் நோயே வராது. இப்படி வருமுன் தடுக்கக்கூடிய புற்றுநோய்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் இது ஒன்று.

படத்தில் மொட்டும் மலத் துண்டும் ஒரே மாதிரி தெரியும். சுத்தமில்லாத குடலில் மலத்தை மொட்டு என்று நினைத்து மனிதரைக் கலங்கடிக்கலாம். அதைவிட மோசம், உண்மையான மொட்டு மலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு அது வளர்ந்தால், பரிசோதனை செய்யாமல் இருந்ததைவிடக் கேடு.

நம் நாட்டில் இது சின்ன நோயும் அல்ல. 2012 முதல் 2016 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுக்கே முதலிடம். பெண்களுக்கு மார்பகப் புற்றுக்கு அடுத்த இடம். கண்டுபிடிக்கப்படும்போது பத்தில் ஏழு பேருக்கு நோய் மூன்றாம், நான்காம் கட்டத்துக்குப் போயிருந்தது. அதாவது நோய் முற்றிய பிறகுதான் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள்.

ஆகவே மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, சில வாரமாகப் போக்கு மாறிப்போவது, சோகை, இவற்றில் எதுவானாலும் ‘மூலம்’ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூலமாகவே இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும். ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், 50 வயதிலிருந்து 75 வயது வரை உள்ளவர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காட்டும் பரிசோதனை உண்டு. கொஞ்சம் மலத்தைச் சிறு குப்பியில் கொடுத்தால் போதும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் வந்திருந்தால் 50 வரை காத்திருக்க வேண்டாம். முன்னதாகவே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டு விதப் படம்

நம் தகப்பன்மார் காலத்தில் இருந்தது பேரியம் எக்ஸ்ரே. சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையான பேரியத்தை ஆசனவாய் வழியாகச் சின்னக் குழாயில் ஏற்றி, காற்றும் ஊதிப் படம் எடுப்பார்கள். அது உடம்பில் சேராது, வெளியே வந்துவிடும். ஓரிரு நாள் மலம் வெள்ளையாகப் போகும். பயப்பட வேண்டாம். உள்ளேயே தங்கி இறுகிவிடாமல் இருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இப்போது பல இடங்களில் அதன் இடத்துக்கு சிடி ஸ்கேன் வந்துவிட்டது. பெருங்குடலை இப்படி ஸ்கேனில் பார்க்கும் முறை 1994-இல்தான் மருத்துவ உலகுக்கு முதலில் காட்டப்பட்டது. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள மொட்டுகளில் பத்தில் ஒன்பதை இது காட்டிவிடும், குடல் சுத்தமாக இருந்தால்! கேமரா வைத்த நீளக் குழாயை விட்டுப் பார்ப்பது வேறு பரிசோதனை. அதில் மொட்டைக் கண்டால் அப்போதே வெட்டி எடுக்கலாம். ஸ்கேனில் பார்க்க மட்டும்தான் முடியும். மொட்டு தெரிந்தால் எடுப்பதற்குக் குழாய்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எந்தப் பரிசோதனையானாலும் குடல் சுத்தம் பொது.

தேதி கையில் வாங்கும்போதே கேட்க வேண்டியவை

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ நின்று கேளுங்கள். உங்களுக்கு என்னென்ன நோய் உண்டு, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். மருந்துப் பையையே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

இனிப்புநீர் உள்ளவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். சாப்பாடு இல்லாத நாளில் வழக்கமான மாத்திரையையோ ஊசியையோ அப்படியே போட்டுக்கொண்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அன்று எவ்வளவு குறைப்பது, எதை நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். முடிந்தவரை காலையில் முதல் ஆளாகத் தேதி கேளுங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ குடியுங்கள். ‘புவாசா கெட்டுவிடும்’ என்று உயிரைப் பணயம் வைக்காதீர்கள். பிறகு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால் போதும்.

சிறுநீரகக் கோளாறு, இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு எல்லாப் பேதி மருந்தும் ஒத்துக்கொள்ளாது. பாஸ்பேட் உப்பு சேர்ந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த பொட்டலத்தை இரவல் வாங்கிக் குடிக்கவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் சாப்பிடவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டவைக்கும். ஒரு வாரம் முன்பே அதைப் பற்றிக் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.

வயிறு உப்பி, காற்றும் மலமும் அடைபட்டு, வாந்தியும் இருந்தால் பேதி மருந்தைத் தொடவே கூடாது. அது அடைப்பாக இருக்கலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று நாள் கணக்கு

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி முறை கொஞ்சம் மாறும். உங்கள் கையில் உள்ள தாள் சொல்வதே சட்டம். அந்தத் தாள் பொதுவாக என்ன சொல்லும் என்பதை நம் சாப்பாட்டை வைத்தே சொல்கிறேன்.

முதல் இரண்டு மூன்று நாள் சக்கையில்லாத சாப்பாடு. நார், தோல், விதை கூடாது. கீரை, முருங்கைக்காய், பயறு, பருப்பு, கச்சான், சோளம், கேழ்வரகு, தேங்காய்ப்பூ, தவுகே, கொய்யாப்பழம் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ‘கீரை உடம்புக்கு நல்லதாச்சே’ என்று கேட்பீர்கள். மற்ற நாளில் நல்லது. இந்த மூன்று நாளில் அதன் சக்கை குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு படத்தைக் கெடுக்கும். வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, முட்டை, மீன், தோலுரித்த கோழி, தோல் சீவிய உருளைக்கிழங்கு சாப்பிடலாம். பசியாறுவதற்கு ரொட்டியும் முட்டையும் போதும்.

முதல் நாள் தெளிந்த நீர் மட்டும். கண்ணாடிக் கிளாசில் ஊற்றினால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். அதுதான் கணக்கு. பாலில்லாத தேத்தண்ணீர், கோப்பி ஓ, நன்றாக வடிகட்டிய கோழிச் சாறு, 100 பிளஸ், தண்ணீர் குடிக்கலாம். மைலோ, பால், தயிர், மோர் ஆகாது. சிவப்பு சிராப்பும் ஊதாச் சாறும் வேண்டாம். குழாய்ப் பரிசோதனையில் அந்தச் சாயம் இரத்தம் மாதிரி தெரியும். இனிப்புநீர் உள்ளவர்கள் இனிப்புப் பானம் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பேதி மருந்து, இதுதான் பலர் தோற்கும் இடம். தூளாகக் கொடுக்கும் மருந்தில் சிலவற்றை ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று கரைக்க வேண்டும். ‘கஷாயம் மாதிரி கெட்டியாக் கரைச்சு ஒரே மடக்குல குடிச்சிடலாம்’ என்பது தவறு. அந்தத் தண்ணீர்தான் குடலைக் கழுவுகிறது. தூள் மட்டும் கழுவாது. குளிரவைத்து, கால்மணி நேரத்துக்கு ஒரு கிளாசாகக் குடியுங்கள். குமட்டினால் அரைமணி நேரம் நிறுத்தி, எழுந்து நடந்துவிட்டுத் தொடருங்கள். இரண்டு மூன்று தடவை போய்விட்டது என்று மீதியைக் கொட்டிவிடாதீர்கள். எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்? கட்டியாகப் போய், பிறகு கலங்கலாகப் போய், கடைசியில் சிறுநீர் போல் மஞ்சளாகத் தெளிந்து வரும். கக்கூஸ் அடி தெரிய வேண்டும். அதுதான் முடிவு.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்குச் சில இடங்களில் இன்னொரு மருந்தும் குடிக்கக் கொடுப்பார்கள். மீந்து கிடக்கும் கசடை அது படத்தில் வெள்ளையாக அடையாளம் காட்டும். ‘பேதி ஆகிவிட்டதே, இது எதற்கு’ என்று விட்டுவிடாதீர்கள்.

பேதி ஆகும்போது உடம்பில் நீரும் உப்பும் போகும். ஆகவே மருந்தோடு சேர்த்துத் தெளிந்த நீர் நிறையக் குடிக்க வேண்டும். வயதானவர்களைத் தனியே விடாதீர்கள். இராத்திரி கக்கூசுக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். தலைசுற்றி விழுந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வயிற்றுவலி தாங்க முடியாவிட்டாலோ காலை வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பரிசோதனை நாளில் கூச்சம் வேண்டாம். துணி மாற்றிக் கொடுப்பார்கள். சின்னக் குழாய் வைத்துக் காற்று ஊதுவார்கள். வயிறு உப்பி முறுக்கும், வலி பொறுக்கக்கூடியதுதான். மல்லாந்தும் குப்புறவும் படுக்கச் சொல்லி, மூச்சை அடக்கச் சொல்வார்கள். மேசையில் கால்மணி நேர வேலை. ஸ்கேனுக்கு மயக்க மருந்து கிடையாது. முடிந்ததும் சாப்பிடலாம். தாய்மார்கள் பெண் ஊழியர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை, கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: சொன்னபடி செய்யாமல் போயிருந்தால் மறைக்காதீர்கள். ‘நேத்து ராத்திரி சோறு சாப்பிட்டுட்டேன்’ என்று முதலிலேயே சொன்னால் வேறு வழி பார்ப்பார்கள். பொய் சொல்லிப் படம் எடுத்தால் ஏமாறுவது நாம்தான்.

இனி நம் வழக்கு

இதுவரை தொழிலாளி செய்ய வேண்டியதைச் சொன்னேன். இப்போது மற்றவர்கள் செய்ய வேண்டியது.

மேலே சொன்ன முதல் நாளை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். விடிந்ததிலிருந்து ஒரு பிடி சோறில்லை. தெளிந்த நீர் மட்டும். மதியமோ சாயந்திரமோ பேதி தொடங்கும். இந்த நிலையில் ஒருவர் பெரட்டுக்கு நின்று, வெயிலில் அரிவாள் தடியைத் தூக்கிக் குலை வெட்ட முடியுமா? தலைக்கு மேலே குலை, காலடியில் பள்ளம், வயிற்றில் ஒன்றுமில்லை! மயங்கி விழுந்தால் அது வேலையிட விபத்து. காட்டு நடுவில் கக்கூஸ் எங்கே?

‘மருந்து சாயந்திரம்தானே, காலையில் வேலைக்கு வந்தால் என்ன?’ என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில்: வேலைக்கு வந்தவர் சாப்பிடுவார். சாப்பிடாமல் வேலை செய்ய முடியாது. சாப்பிட்டால் குடல் சுத்தமாகாது. சுத்தமாகாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். இன்னொரு நாள், இன்னொரு லீவு, இன்னொரு பஸ் செலவு. வரிசையில் நின்ற வேறொரு நோயாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடமும் வீண். ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் எல்லாருக்கும் நஷ்டம்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தீபகற்ப மலேசியத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆனால் அதற்கு டாக்டரின் மருத்துவச் சான்று வேண்டும். நம்மவர்கள் பலர் வந்துபோன நேரம் எழுதிய சீட்டோடு திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சீட்டு விடுப்பு ஆகாது. ஆகவே தேதி வாங்கும்போதே டாக்டரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: ‘டாக்டர், நான் தோட்டத்தில் நாள்சம்பள வேலை. முதல் நாள் வேலைக்குப் போனால் இதைச் செய்ய முடியாது. இரண்டு நாளைக்கும் எம்சி எழுதித் தாருங்கள்.’ கேட்காத வாய்க்குச் சோறு கிடைக்காது.

ஆனால் ஒவ்வொரு தொழிலாளியும் டாக்டர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு கேட்க வேண்டுமா? இங்கேதான் சங்கத்தின் வேலை இருக்கிறது. நான் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: குடல் பரிசோதனைக்குப் போகிறவருக்கு முதல் நாளும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்று நம் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்பது ஒரு நாள்தான். இதற்கு நிர்வாகம் மூழ்கிவிடாது.

இரண்டு: ஆஸ்பத்திரிகள் தமிழில் தாள் தர வேண்டும். ‘குறைந்த நார்ச்சத்துள்ள உணவு’ என்று எழுதினால் போதாது. கீரை கூடாது, பருப்பு கூடாது, வெள்ளைச் சோறு சரி என்று சமையலறைப் பேச்சில் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். மூன்று நாளுக்கு முன் ஒரு போன் அடித்து ‘தொடங்கிட்டீங்களா?’ என்று கேட்டால், திருப்பி அனுப்பப்படும் ஆட்கள் பாதியாவது குறைவார்கள் என்பது என் நம்பிக்கை.

மூன்று: கக்கூஸ். 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்ச வசதிகளை வகுத்திருக்கிறது. அப்படியிருந்தும் பழைய லயத்தில் கதவு உடைந்து, தண்ணீர் வராமல், வீட்டுக்கு வெளியே இருட்டில் கக்கூஸ் இருக்குமானால், அங்கே இருப்பவர் மூன்று லிட்டர் மருந்தைக் குடிக்கத் தயங்குவார். தயங்குவதில் அவர் குற்றம் இல்லை. இது மராமத்துக் கணக்கு மட்டுமல்ல, நோய்க் கணக்கும்கூட.

நான்கு: இது நம் கிளைகள் நாளைக்கே செய்யக்கூடியது. கிளைக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு பேர் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். சீட்டு வாங்கி வருகிறவருக்குத் தமிழில் படித்துச் சொல்லட்டும். பட்டணத்துக்குப் போகும் விடியலில் பஸ்ஸை நம்பாமல் ஒரு காருக்கு ஏற்பாடு செய்யட்டும். தோட்டத்து டிரெசரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; மருந்து கரைக்கும் நேரத்தில் அவர் வந்து எட்டிப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கூடுகிற லயம், ஒருவர் குடல் கழுவும் நாளில் மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்?

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவோ அப்பாவோ மருந்து குடிக்கும் நாளில் அடுப்பில் கருவாடு வறுக்காதீர்கள். அந்த வாசனையில் பட்டினி கிடப்பது கொடுமை. கக்கூஸை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். குடித்த கிளாசை எண்ணிச் சொல்ல ஒரு பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான் சொன்ன அந்த அக்காளுக்கு இரண்டாம் முறை கிளாசை எண்ணியது ஏழு வயதுப் பேரன்தான். “பாட்டி, இன்னும் நாலு இருக்கு!” என்று அவன் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தானாம். அவனுக்குப் பயந்தே குடித்து முடித்தேன் என்று அக்காள் இப்போது சிரிக்கிறார்.

அவர் இப்போதெல்லாம் ‘மெஷின் கெட்டுப்போச்சு’ என்று சொல்வதில்லை. லயத்தில் யாருக்குச் சீட்டு வந்தாலும் தாமே போய் உட்கார்ந்து, “நான் செஞ்ச தப்ப நீ செய்யாதே” என்று சொல்லிக் கொடுக்கிறார். வெட்கத்தை விட்டு ஒருவர் பேசினால் பத்துப் பேர் பிழைப்பார்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். உடம்பு இருந்தால்தான் உழைப்பு. அந்த உடம்பைப் படம் பிடித்துப் பார்க்க ஒரு நாள் லீவு போதாது தோழர்களே, இரண்டு நாள் வேண்டும். கேட்போம்! கேட்டுப் பெறுவோம்!